செடி இல்லாத கார்டன்

வணக்கம். ஆச்சிமார் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் குத்துச்சண்டைக் கதை மட்டும் சொல்லித் தப்பித்துவிட முடியாது.

நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்று ஒரு உள்விளையாட்டரங்கம். மேடிசன் சதுக்கத்தில் அது இல்லை, கட்டடம் வட்டம், தோட்டமோ சுத்தமாகக் கிடையாது. 1879-இல் அந்தப் பெயர் வைத்தபோது அது சதுக்கத்தை ஒட்டியிருந்த கூரையில்லாத ஒரு பழைய ரயில் கொட்டகை. 1890-இல் அதே இடத்தில் புதிதாகக் கட்டினார்கள், 1925-இல் வேறு தெருவுக்குப் போனார்கள், இப்போது இருப்பது 1968-இல் திறந்த நாலாவது கட்டடம். ரங்கூனோ பினாங்கோ, கடை எங்கே போனாலும் நம் செட்டியார்கள் விலாசத்தை, அதாவது கடைப் பெயரை, மாற்றவில்லையே, அந்த மாதிரி.

முதலில் அங்கே சைக்கிள் பந்தயம்தான் அமர்க்களம். ஆறு நாள், இரவு பகலாக. ஒரே ஆள் தூக்கமில்லாமல் மிதித்துப் புத்தி பேதலிக்கிற நிலைக்குப் போகவும், நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஒருவர் ஓட்டக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். பந்தயம் நின்றதா? இரண்டு பேராகச் சேர்ந்து மாற்றி மாற்றி ஓட்டினார்கள்! ஓட்டி முடித்தவர் அடுத்தவர் கையைப் பிடித்து ஒரு வீசு வீசி முன்னே தள்ளிவிடுவார். இன்றைக்கும் ஒலிம்பிக்கில் அந்தப் பந்தயத்துக்குப் பெயர் மேடிசன்தான்.

நம் வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், காலையில் திருப்பூட்டு என்கிற தாலி கட்டு, அப்புறம் பந்தி, மறுவாரம் அதே இடத்தில் வற்றல் காயும். அங்கேயும் அதே கதைதான். ஐஸ் ஹாக்கிக்காகத் தரையில் உறைய வைத்த பனியை சீசன் முடியும்வரை கரைப்பதில்லை. அதன்மேல் குளிர் ஏறாத பலகைகளைப் போட்டு மூடி, அதற்கும் மேலே மரத்தளத்தைத் துண்டு துண்டாகப் பொருத்திக் கூடைப்பந்து ஆடுகிறார்கள். ஆடுகிறவர் காலுக்குக் கீழே பனி!

1971 மார்ச் 8-இல் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் 15 சுற்று மோதி அலி தோற்றது இங்கேதான். அதே ஆண்டு ஆகஸ்ட் 1-இல் வங்கதேச அகதிகளுக்காக நடந்த கச்சேரியில் ரவிசங்கர் சிதாருக்குச் சுருதி சேர்த்து நிறுத்தியதும் கூட்டம் கைதட்டிவிட்டது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்றார் மனிதர்.

சரி, இவ்வளவும் எதன்மேல் நிற்கிறது? 1910-இல் திறந்த பென்சில்வேனியா ரயில் நிலையம், கல் தூண்களோடு அரண்மனை மாதிரி இருந்தது. இந்த அரங்கத்துக்காக 1963-இல் அதை இடிக்க ஆரம்பித்து, தூண்களையும் சிலைகளையும் நியூஜெர்சி சதுப்பு நிலத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ரயில்கள் இன்னும் அடியில் ஓடுகின்றன. ஊர் கொதித்ததில் 1965-இல் பழைய கட்டடங்களைக் காக்க நியூயார்க்கில் சட்டம் வந்தது, ஆனால் நிலையம் போனது போனதுதான்.

நேற்று காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். தேக்கு வாசல் நிலை ஒன்று சுவரில் சாய்த்து வைத்திருந்தது, மேலே கஜலட்சுமி, ஒரு யானைக்குத் தும்பிக்கை இல்லை. எந்த வீட்டு நிலை, என்ன விலாசம் என்று கேட்டேன். கடைக்காரர் விலையைச் சொன்னார்.