சிறகில்லாதவன் பாட்டு

எல்லோருக்கும் வணக்கம். பின்லாந்து மொழியில் 'மா' என்று ஒரு சொல் உண்டு. மண், நிலம், நாடு, பூமி எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். இன்றைக்கு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே பேசுகிறேன்.

அவர்களுடைய காவியம் கலேவலா. ஹெல்சிங்கியில் வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் உதயணன், அதாவது ஆர். சிவலிங்கம், அதை முழுவதும் தமிழில் தந்திருக்கிறார், கிடைத்தால் விடாதீர்கள். அதன் ஏழாம் பாட்டில் கிழவன் வைனாமொயினன் அந்நிய வடநாட்டில் கரையொதுங்கி அழுகிறான். அங்கே உபசாரத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் அந்நிய 'மா'வில் பொற்கிண்ணத்துத் தேனைவிட, சொந்த 'மா'வில் மரப்பட்டைச் செருப்பின் அடியில் தேங்கிய தண்ணீரே மேல் என்கிறான். செருப்படித் தண்ணீர்! ஏக்கம் இதைவிட எப்படித் தாழ்ந்து பேசும்?

சரி, இப்போது 1955-க்கு வருவோம். உன்தோ மோனோனென் என்பவர் 'சதுமா' என்று ஒரு டாங்கோ, அதாவது ஜோடியாக ஆடும் நடனத்துக்கான பாட்டு, எழுதினார். கதைகளில் வரும் நாடு என்று பொருள். கடலுக்கு அப்பால் ஒரு 'மா' இருக்கிறது, அங்கே பூக்கள் வாடுவதில்லை, நாளைய கவலை மறந்துபோகும் என்று பாட்டு தொடங்குகிறது. அப்புறம்தான் அடி விழுகிறது: எனக்குச் சிறகில்லை, நான் 'மா'வின் கைதி. ஏங்கும் இடத்துக்கும் பூட்டிவைத்திருக்கும் இடத்துக்கும் ஒரே சொல். 'சொந்த மண்', 'மண்ணோடு மண்ணாக' என்று இரண்டும் பேசுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மோனோனென் பிறந்த ஊர், அன்று பின்லாந்தின் கிழக்குப் பகுதியாக இருந்த கரேலியாவில் உள்ள முவோலா. 1939-இல் சோவியத்தோடு தொடங்கிய குளிர்காலப் போரின் முடிவில் அந்தப் பகுதி சோவியத் கைக்குப் போனது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். பின்னர் நிலம் மீண்டும் பின்லாந்தின் கைக்கு வந்தபோது பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள். 1944-இல் மறுபடியும் எல்லாவற்றையும் விட்டு வந்தார்கள். ஒரே வீட்டை இரண்டு முறை இழந்தவர்கள் அவர்கள். பாட்டில் கரேலியா என்ற பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் எனக்கு அந்தக் கடலுக்கு அப்பால் அதுதான் தெரிகிறது. பின்லாந்தின் சோகத்துக்குக் குளிரையும் இருட்டையும் மட்டும் காரணம் சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாதது இதனால்தான். போன சூரியன் வசந்தத்தில் வந்துவிடும். முவோலா வரவில்லை.

1962-இல் பாடகர் ரெய்யோ தைப்பலே பாடிய பிறகு அந்தப் பாட்டு நாடெங்கும் பரவியது. 1968-இல், 37 வயதில், மோனோனென் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

கோடையில் அங்கே ஏரிக்கரைகளில் மரத்தளம் போட்ட நடன மேடைகளில் கூட்டம் கூடும். 'சதுமா' எடுத்தால் வயதானவர்களும் எழுந்து வருவார்கள். நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து, அதிகம் பேசாமல், பாட்டு முடியும்வரை ஆடுவார்கள்.