ஓதத் தெரியும், பேசத் தெரியாது

(உலக அரபு மொழி நாளையொட்டி இராயபுரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஹாஜியார் அவர்களே, நம் பகுதி மாமன்ற உறுப்பினர் அவர்களே, ஜமாஅத் முத்தவல்லி அவர்களே, எனக்கு அலிஃப், பே சொல்லித்தந்த ஹஸ்ரத் அவர்களே, கிளை நூலகர் அம்மா அவர்களே, காசிமேட்டிலிருந்து வந்திருக்கிற மீனவர் சங்கத்துப் பெரியவர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்து பின்னால் நிற்கிற தம்பிகளே, தாய்மார்களே! அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

ஹஸ்ரத் அவர்களுக்கு எண்பது வயதாகிவிட்டது. மாடிப்படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஏறி வந்திருக்கிறார்கள். எனக்குப் போர்த்திய இந்தப் பொன்னாடை அவர்களுக்குச் சேர வேண்டியது. தலைவர் அனுமதித்தால் இப்போதே போர்த்திவிடுகிறேன். (கைதட்டல்.) நூலகர் அம்மாவையும் சொல்லியாக வேண்டும். கூட்டம் நடத்த இடமில்லாமல் நாங்கள் தவித்தபோது, மேலதிகாரிகளுக்கு எழுதி இந்த மாடியை வாங்கித் தந்தவர் அவர்தான்.

1973ஆம் ஆண்டு டிசம்பர் 18 அன்று ஐ.நா. பொதுச்சபை அரபியைத் தன் அலுவல் மொழிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அந்த நாளைத்தான் இன்று கொண்டாடுகிறோம். அரபியை அயல்மொழியாகக் கற்பதிலும் கற்பிப்பதிலும் உள்ள சவால்கள் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஒலி, எழுத்து, இலக்கணம், பேச்சு வழக்கு, ஆசிரியர் பயிற்சி என்று ஐந்தைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஐந்துக்கும் சேர்த்து நம் பாட்டி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

முதலில் ஒலி. அரபியில் 28 எழுத்துகள். பஜாரில் 'எளிதாக அரபி பேசலாம்' என்று தமிழ் எழுத்திலேயே அச்சடித்த புத்தகங்கள் விற்கிறார்கள். அதில் ஸீன், ஸாத், ஸே மூன்றும் ஒரே 'ஸ'. பெரிய காஃபும் சின்ன காஃபும் ஒரே 'க'. நுனிநாக்கில் வருவதும், அடித்தொண்டையில் வருவதும், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வருவதும் ஒன்றாகிவிடுகின்றன. பாதிக்கு மேற்பட்ட எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிட்ட பிறகு அந்தப் பிள்ளை எதைப் பேசும்? நம் முன்னோர் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளி கூட்டிப் புது எழுத்து செய்துகொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அப்படித்தான் எழுதினார். ஒலியின் அருமை தெரிந்தவர்கள் அவர்கள். ஆகவே தம்பிகளே, அரபியைத் தமிழ் எழுத்தில் படிக்காதீர்கள்.

அடுத்தது எழுத்து. அதைச் சொல்ல ஒரு கதை வேண்டும். நடந்த கதை.

பழைய வண்ணாரப்பேட்டையில் அடுத்தடுத்த தெருவில் இரண்டு பிள்ளைகள். பெயர் வேண்டாம், இருவருடைய அம்மாக்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஒருவர் பாய் வீட்டுப் பிள்ளை. பாதிக் குர்ஆன் மனப்பாடம். ஓதினால் தெருவில் போகிறவர் நின்று கேட்டுவிட்டுப் போவார். இன்னொருவர் ஏசி மெக்கானிக், முருகன் பக்தர், அரபியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. இருவருக்கும் ஜித்தாவில் ஒரே கம்பெனி, ஒரே கேம்ப், ஒரே அறை. முதல் நாள் ஃபோர்மேன் வந்து, "எய்ஷ் திப்கா?" என்றார். என்ன வேணும் என்று கேட்கிறார். ஓதத் தெரிந்த தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மதரஸாவில் அவர் படித்தது அதே கேள்வியை ஏட்டு அரபியில், 'மாதா துரீது' என்று. அதையே அவர் அழகாகத் திருப்பிக் கேட்க, ஃபோர்மேன் 'இமாம் வந்துவிட்டார்' என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம்! (சிரிப்பு.) மெக்கானிக் தம்பியோ ஆறே மாதத்தில் தண்ணீருக்கு 'மோயா', இப்போதைக்கு 'தஹீன்' என்று கடைத்தெருவையே கலக்க ஆரம்பித்துவிட்டார். சவுதிக்காரரிடமே பேரம் பேசுவாராம்.

பிறகு கம்பெனியில் நான்கு மாதமாகச் சம்பளம் வரவில்லை. ஒருநாள் ராத்திரி ஒரு தாளை நீட்டி, "கையெழுத்துப் போடு, ஊருக்கு டிக்கெட் ரெடி" என்றார்கள். ஓதத் தெரிந்தவர் தாளை வாங்கினார். எழுத்தெல்லாம் தெரிந்த எழுத்துதான். ஆனால் மேலே ஸபர் இல்லை, கீழே ஸேர் இல்லை, பேஷ் இல்லை; அ, இ, உ என்று உயிரொலியைக் காட்டுகிற குறிகள் அவை. குர்ஆனில் எல்லாக் குறியும் இருக்கும். செய்தித்தாளில் இருக்காது, கடையின் பெயர்ப்பலகையில் இருக்காது, கம்பெனித் தாளில் இருக்காது. அரபி தெரிந்தவர் இடம் பார்த்துக் குறியைத் தாமே போட்டுப் படித்துக்கொள்வார். இவர் திக்கித் திக்கி வாசிக்கிறார். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த சொல் ஏதாவது வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். எல்லாம் ஏட்டு அரபி, ஒன்றும் பிடிபடவில்லை. திடீரென்று ஒரு சொல்: 'ராதிப்'. "நிறுத்து! ராதிப்னா சம்பளம். டிக்கெட் தாள்ல சம்பளம் இன்னாத்துக்கு வருது?" என்றாராம். (கைதட்டல்.)

கீழ்மாடியில் எகிப்துக்காரர் ஒருவர், கணக்கெழுதுகிறவர். அவரிடம் கொண்டு போனார்கள். 'எனக்கு வர வேண்டிய சம்பளம் முழுவதையும் பெற்றுக்கொண்டேன், கம்பெனியிடம் இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று எழுதியிருந்தது அதில். இருவரும் கையெழுத்துப் போடவில்லை. மக்தப் அமல், அதாவது தொழிலாளர் அலுவலகம், அதற்கு நடையாய் நடந்து பணத்தை வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினார்கள்.

ஒருவரிடம் ஏட்டுச் சுரைக்காய். இன்னொருவரிடம் ஏடே இல்லாத சுரைக்காய். இருவரும் சேர்ந்து உட்கார்ந்ததால்தான் அன்று அந்தத் தாள் அவர்களை ஏமாற்ற முடியவில்லை. என் பேச்சு முழுவதும் இதுதான்.

மண்டலக் குழுத் தலைவர் அவர்கள் இப்போதுதான் வந்து அமர்ந்திருக்கிறார்கள். எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்திருக்கிறார்கள். வருக வருக என்று கூட்டத்தின் சார்பில் வரவேற்கிறேன். நான் அடுத்துச் சொல்லப்போவது அவர்கள் காதில் விழ வேண்டியது. நல்ல நேரத்தில் வந்தார்கள்.

எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்ற நிலையை 1959இல் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலார் ஆராய்ந்து எழுதினார். அவர் காட்டிய மொழிகளில் அரபியும் ஒன்று. தமிழும் அந்த வகைதான். நம் பிள்ளை வீட்டில் 'இன்னாம்மா, துண்ட்டியா' என்கிறான். பள்ளியில் 'என்ன அம்மா, உண்டீர்களா' என்று எழுதுகிறான். இரண்டு தமிழை ஒரே நாக்கில் வைத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு அரபி பாரமா? ஆங்கிலேயப் பிள்ளைக்கு இருக்கிற திகைப்பு வடசென்னைப் பிள்ளைக்கு இருக்கக் கூடாது. இரண்டையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துச் சொல்லித்தருவதில்லை, அதுதான் குறை.

இலக்கணத்துக்கு அஞ்ச வேண்டாம். அரபு இலக்கணத்தின் பேராசான் சீபவைஹி பாரசீகர். 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவுக்கு வந்து கற்றவர். வெளியார் ஒருவர்தான் அந்த மொழிக்கு இலக்கணம் எழுதிக் கொடுத்தார்.

நேரம்தான் பெரிய கேள்வி. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுகிற தன் அதிகாரிகள் அரபியில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற 2200 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறது. தினம் ஒரு மணி, வாரம் ஆறு நாள் என்றால் ஏழு ஆண்டு! நாம் அதிகாரி ஆக வேண்டாம். கையெழுத்துக் கேட்கிற தாளைப் படிக்கத் தெரிந்தால் போதும். எங்கே வலிக்கிறது என்று நோயாளியிடம் கேட்கத் தெரிந்தால் போதும்; இந்த வட்டாரத்திலிருந்து எத்தனை பெண்கள் செவிலியராக வளைகுடாவுக்குப் போகிறார்கள்! அதற்கும் தினம் ஒரு மணி நேரம் வேண்டும், ஓர் இடம் வேண்டும்.

இடம் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் மாநகராட்சிப் பள்ளிகள் பூட்டிக் கிடக்கின்றன. தெருவுக்கு அருகில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுங்கள் என்று மண்டலத் தலைவரையும் மாமன்ற உறுப்பினரையும் இந்த மேடையிலேயே கேட்கிறேன். கட்டணம் இல்லாத வகுப்பு. வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் ஆலிம், மார்க்கக் கல்வி கற்றவர். இன்னொருவர் வளைகுடாவில் பத்துப் பதினைந்து ஆண்டு வேலை பார்த்துத் திரும்பியவர். ஓட்டுநராக இருக்கட்டும், சமையல்காரராக இருக்கட்டும், அவரையும் ஆசிரியர் நாற்காலியில் உட்கார வையுங்கள். கரும்பலகையில் இலக்கணம், கையில் நிஜமான வேலை ஒப்பந்தம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றால், ஏட்டையும் கறியையும் ஒரே அறைக்குக் கொண்டுவருவோம்.

ஆசிரியர் பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைவர் மணியைப் பார்க்கிறார். அதை இன்னொரு கூட்டத்தில் விரிவாகப் பேசுகிறேன்.

வாசல் பக்கத்து மேசையில் மனு இருக்கிறது. பெயர், தெரு, என்ன வேலை, எத்தனை மணிக்கு வகுப்புக்கு வர முடியும் என்று நான்கே கட்டங்கள். மதத்துக்குக் கட்டம் இல்லை. பெண்களுக்குத் தனி நேரம் வேண்டுமா என்பதைத் தாய்மார்கள் மறக்காமல் குறித்துவிடுங்கள். ஒன்பது மணி வரை மேசை இருக்கும். நன்றி, வணக்கம்.