ஒப்பந்த எண்ணின் ஒன்பதாவது இடம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க மத்திய அரசுக்குச் சேவை விற்க நினைக்கும் சிறு நிறுவனங்கள் யாரைத் தேடிப் போவது என்பது பற்றி இன்று பேசலாம்.

அரசுக்கு விற்க விரும்புவோர் பதிவு செய்யும் சாம் டாட் கவ் தளத்தில் பதிவு முடிந்து, 12 எழுத்து அடையாள எண் கைக்கு வந்ததும் பலர் செய்வது ஒன்றுதான். நிறுவன அறிமுகத் தாளை நாற்பது ஐம்பது துறைகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். பதில் வராது. ராணுவம் வாங்குகிறது, முன்னாள் படைவீரர் துறை வாங்குகிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, கையெழுத்துப் போடுகிறவர் ஏதோ ஓர் ஊரில், ஒரு குறிப்பிட்ட கொள்முதல் அலுவலகத்தில் இருக்கும் ஒப்பந்த அதிகாரி. தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த அலுவலகத்தை. சிறு நிறுவனத்துக்கு மூன்று நான்கு அலுவலகங்கள் போதும். அதற்கு மேல் போனால் எதையும் உருப்படியாகக் கவனிக்க முடியாது.

கட்டடத் துப்புரவுத் தொழிலை எடுத்துக்கொள்வோம். அதன் தொழில் வகை எண் 561720. அரசு அந்தச் சேவைக்குத் தரும் குறியீடு எஸ்201. அரசின் செலவுகளை வெளியிடும் யுஎஸ்ஏ ஸ்பெண்டிங் டாட் கவ் தளத்துக்குப் போங்கள், கட்டணம் கிடையாது. இந்த எண்ணையும், வேலை நடக்கும் மாநிலத்தையும், கடைசி ஐந்து நிதியாண்டுகளையும் கொடுத்துத் தேடி, வரும் பட்டியலை எக்செல்லில் இறக்கிக்கொள்ளுங்கள். அரசின் நிதியாண்டு அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை. பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தங்கள் 90 நாள் தாமதமாகத்தான் இங்கே தெரியும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பட்டியல் வந்ததும் தொகையைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. முதலில் ஒப்பந்த எண்ணைப் படியுங்கள். முதல் ஆறு இடங்கள் அலுவலகத்தின் குறியீடு. 36 என்று தொடங்கினால் முன்னாள் படைவீரர் துறை, 47 என்றால் பொதுச் சேவை நிர்வாகம், டபிள்யூ என்றால் ராணுவம். அடுத்த இரண்டு இலக்கம் நிதியாண்டு. ஒன்பதாவது இடத்தில் ஓர் எழுத்து இருக்கும், அதுதான் முக்கியம். சி என்றால் தனி ஒப்பந்தம். பி என்றால் சிறிய தொகைக்கான கொள்முதல் ஆணை. எஃப் என்றால், ஏற்கெனவே யாரிடமோ இருக்கும் பெரிய ஒப்பந்தத்தின் கீழ் கொடுத்த ஆர்டர்.

ஓர் அலுவலகம் கோடிக்கணக்கில் செலவழித்திருக்கும். வரிசை வரிசையாகப் பார்த்தால் எல்லாம் எஃப். அந்தப் பணத்துக்கு வெளியிலிருந்து யாரும் போட்டியிட முடியாது. தாய் ஒப்பந்தம் எது என்று அதே வரிசையில் இருக்கும், அதைப் பாருங்கள். பல நிறுவனங்களோடு முன்கூட்டியே விலை பேசி வைக்கும், பொதுச் சேவை நிர்வாகத்தின் அட்டவணை ஒப்பந்தம் என்றால் நீங்களும் விண்ணப்பித்து உள்ளே போகலாம். வேறு ஒப்பந்தம் என்றால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது அதை வைத்திருப்பவரிடம் துணை ஒப்பந்தம் கேட்க வேண்டும். தொகை குறைவாக இருந்தாலும் சி, பி எழுத்துகள் அடிக்கடி வரும் அலுவலகமே புதியவருக்கு ஏற்றது.

பிறகு, எத்தனை பேர் விலைப்புள்ளி கொடுத்தார்கள், சிறு நிறுவனம், படைவீரர் நிறுவனம் என்று எந்தப் பிரிவுக்கு ஒதுக்கினார்கள் என்ற இரண்டு நெடுவரிசைகளைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒருவர்தான் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார் என்றால் ஏன் என்று கேளுங்கள். துப்புரவில் அதற்கு ஒரு காரணம் உண்டு. பார்வையற்றோரும் மற்ற மாற்றுத்திறனாளிகளும் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கென்று ‘எபிலிட்டி ஒன்’ திட்டத்தில் ஒதுக்கிய கட்டடங்கள் நிறைய. அவை போட்டிக்கு வராது. நல்ல நோக்கத்துக்கான ஏற்பாடு அது. பட்டியலில் இருந்து அவற்றை நீக்கிவிட்டுக் கணக்குப் பாருங்கள். முன்னாள் படைவீரர் துறை, முன்னாள் படைவீரர்கள் நடத்தும் தகுதியுள்ள நிறுவனங்கள் குறைந்தது இரண்டு நியாயமான விலைக்கு வரும் என்று தெரிந்தால், அவர்களுக்கே ஒதுக்கியாக வேண்டும். 2016இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தத் தகுதி இல்லாதவர் அந்தத் துறையின் மருத்துவமனைகளின் பின்னால் ஓடுவது வீண்.

மாறாக, சிறு நிறுவனங்களுக்கென்று ஒதுக்கி, மூன்று முதல் ஐந்து பேர் விலைப்புள்ளி கொடுத்திருக்கும் அலுவலகத்தை வட்டமிட்டுக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் முதல் எளிய கொள்முதல் முறையின் உச்சவரம்பு 2.5 லட்சம் டாலரிலிருந்து 3.5 லட்சம் டாலராக உயர்ந்திருக்கிறது. அதற்குட்பட்ட வேலைகளைத் தொடர்ந்து கொடுக்கும் அலுவலகம் என்றால் இன்னும் நல்லது.

அடுத்தது காலம். இத்தகைய ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்குப் போட்டு, மேலும் நான்கு ஆண்டுகள் நீட்டிக்கும் உரிமையோடு இருக்கும். தளத்தில் இரண்டு முடிவுத் தேதிகள் தெரியும். முன்னதாக வரும் தேதியைப் பார்த்து இந்த ஆண்டே டெண்டர் வரும் என்று நம்பி ஆட்களைச் சேர்த்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீட்டிப்பெல்லாம் சேர்ந்த கடைசித் தேதியிலிருந்து 12 முதல் 18 மாதம் பின்னால் எண்ணுங்கள், வேலையை அங்கே தொடங்குங்கள். அந்தச் சமயத்தில் ‘இந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் யார்’ என்று கேட்டு அலுவலகம் ஓர் அறிவிப்பு விடலாம். அதில் விலை கேட்க மாட்டார்கள் என்று பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்குவதா, எல்லோருக்கும் திறப்பதா என்று அதிகாரி முடிவெடுக்க உதவுவதே அந்தப் பதில்கள்தான். சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க, தகுதியுள்ள சிறு நிறுவனங்கள் குறைந்தது இரண்டு நியாயமான விலைக்கு வரும் என்று அதிகாரி எதிர்பார்க்க வேண்டும்.

இனி மின்னஞ்சல் எழுதலாம். துறையின் பொது முகவரிக்கு அல்ல, அந்த அலுவலகத்துக்குப் பொறுப்பான சிறுதொழில் அலுவலருக்கு. ஒப்பந்த எண்ணைக் குறிப்பிட்டு, ‘இது அடுத்த செப்டம்பரில் முடிகிறது. மறுபடி இதே வடிவில் வருமா, வேறொன்றோடு சேர்க்கிறீர்களா? இதே அளவு பரப்பை நாங்கள் இந்த இடத்தில் சுத்தம் செய்கிறோம்’ என்று நாலு வரி போதும். எழுதத் தயக்கமாக இருந்தால், அரசு ஒப்பந்தம் பெற நிறுவனங்களுக்கு உதவும், உங்கள் மாநிலத்தில் உள்ள ஏபெக்ஸ் ஆக்சிலரேட்டர் மையத்தில் உட்கார்ந்து இலவசமாகச் சரிபார்த்துத் தருவார்கள். நன்றி, வணக்கம்.