ஒரு கொக்கிக்கு எத்தனை சூடு? வீட்டுப் பட்டறையில் நான் மாற்றியவை

வணக்கம். உலையை இன்னும் பற்றவைக்கவில்லை. அதனால் சத்தம் இல்லாமல் கொஞ்ச நேரம் பேசலாம். எனக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸில் கோடு கோடாகப் போட்டிருக்கிறேனே, அது என்ன கணக்கு என்று பலர் கேட்டிருந்தீர்கள். இன்றைக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அது சூட்டுக் கணக்கு. இரும்பை உலையிலிருந்து எடுத்து, சிவப்பு மங்கும்வரை அடித்து, மறுபடி உள்ளே வைத்தால் அது ஒரு சூடு. ஒரு சூட்டுக்கு ஒரு கோடு. 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பியில் ஒரு சுவர்க் கொக்கி செய்ய ஆரம்பத்தில் எனக்கு 11 சூடு ஆனது. இப்போது அதே கொக்கி 5 சூட்டில் முடிகிறது. சுத்தியல் அதே 1 கிலோ சுத்தியல்தான், கையும் அதே கைதான். மாறியது பட்டறை.

சூடு குறைந்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். ஒவ்வொரு முறை இரும்பு பழுக்கும்போதும் அதன் மேல் செதில் கட்டும். இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையைச் சுற்றிக் கறுப்பாக உதிர்ந்து கிடக்கிறதே, அது முழுக்க உங்கள் கம்பியிலிருந்து போன இரும்பு. மெல்லிய முனையாக இருந்தால் நாலைந்து சூட்டிலேயே அரித்ததுபோல் ஆகிவிடும். கார்பன் அதிகம் உள்ள எஃகாக இருந்தால் மேல்பரப்பிலிருந்து கார்பனும் போகும், உள்ளே எஃகின் நுண்ணிய மணிகள் பெருத்து அது நொறுங்கத் தொடங்கும். அதனால்தான் நான் எத்தனை அடி அடித்தேன் என்று எண்ணுவதில்லை, எத்தனை சூடு என்று எண்ணுகிறேன்.

முதலில் பட்டடை. கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன், பாருங்கள். இது தண்டவாளத் துண்டு. படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறேன். தண்டவாளத்தைப் படுக்கவைத்தால் நடுவில் இருக்கும் மெல்லிய பகுதி ஒவ்வொரு அடிக்கும் அதிரும், அடியின் பலத்தில் ஒரு பங்கு அந்த அதிர்விலேயே போய்விடும். நிறுத்திவைத்தால் அடி விழும் இடத்துக்கு நேர் கீழே முழு நீளத்துக்கும் இரும்பு இருக்கிறது. பரப்பு சிறியதுதான், உள்ளங்கைகூட விரிக்க முடியாது. ஆனால் சுத்தியலின் முகம் அதைவிடச் சிறியது. அடி விழும் இடத்துக்குக் கீழே எவ்வளவு கனம் இருக்கிறது என்பதுதான் வேலைக்கு உதவும். விலை கொடுத்துப் பெரிய பட்டடை வாங்க முடியவில்லையே என்று தயங்குகிறவர்கள் தயங்காமல் இதை வைத்துத் தொடங்கலாம்.

பழையதோ புதியதோ, ஒரு பட்டடையைப் பரிசோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 25 மில்லிமீட்டர் பேரிங் குண்டு ஒன்றை 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மேல்முகத்தில் விடுங்கள். 20 சென்டிமீட்டர் அளவுக்குத் திரும்ப எழும்பினால் முகம் நன்றாகக் கெட்டிப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். மெதுவாக எழும்பி அடங்கிவிட்டால் மென்மையான இரும்பு. தண்டவாளம் நடுத்தரமாக எழும்பும். பழகுவதற்கு அது போதும்.

இப்போது உயரம். கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கி நின்றால் விரல் முட்டி எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் பட்டடை இருக்க வேண்டும் என்பார்கள். தொடங்குவதற்கு அது நல்ல அளவு. ஆனால் அவரவர் கை நீளம், நிற்கும் விதம், செருப்பின் கனம் எல்லாம் சேர்ந்து அது ஆளுக்கு ஆள் மாறும். நான் செய்து பார்த்தது இது. பட்டடை மேல் ஒரு மரப்பலகையை வைத்து, எப்போதும் அடிப்பதுபோல் இயல்பாகப் பத்து அடி அடியுங்கள். பிறகு தழும்புகளைப் பாருங்கள். பிறை வடிவத் தழும்பு உங்களுக்கு எதிர்ப்பக்கம் ஆழமாக இருந்தால் பட்டடை தாழ்ந்திருக்கிறது. உங்கள் பக்கம் ஆழமாக இருந்தால் உயர்ந்திருக்கிறது. முழு வட்டமாகப் பதிந்தால் சரி.

எனக்கு எல்லாத் தழும்பும் எதிர்ப்பக்கம். அதாவது ஒவ்வொரு அடியும் விளிம்பால் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளங்களைச் சமன்செய்ய அடுத்த இரண்டு சூடு செலவாகிக்கொண்டிருந்தது. இதைச் சுத்தியல் கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் சுத்தியல் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பு வலிக்கும் அதுதான் காரணம்.

உயர்த்த வேண்டும் என்று தெரிந்ததும் தாங்கியை மாற்றினேன். கனமான மரப்பலகைகளால் ஒரு பெட்டி, உள்ளே நிறைய மணல், மணலில் ஊன்றிய பட்டடை. உயரம் போதவில்லை என்றால் பட்டடையைத் தூக்கிக் கீழே இன்னும் மணல் போட்டால் முடிந்தது. எனக்கு 6 சென்டிமீட்டர் உயர்ந்ததும் தழும்பு வட்டமானது. இன்னொரு நன்மையும் கிடைத்தது. காதைத் துளைக்கும் கணீர் ஓசையை மணல் விழுங்கிவிடுகிறது. வீட்டோடு சேர்ந்த பட்டறையில் இது சின்ன விஷயம் இல்லை. அதற்காகக் காதுக் கவசத்தைக் கழற்றிவிட வேண்டாம், நான் இன்னும் போட்டுக்கொண்டுதான் அடிக்கிறேன்.

சரி, பழுத்த கம்பியைப் பிடிக்கும் குறட்டுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையப் பேச ஆசை.

பல நாள் என்னிடம் இருந்தது தட்டை வாய்க் குறடு ஒன்றே ஒன்று. எந்தக் கனத்துக்கும் அதுவேதான். குறட்டின் இரண்டு வாயும் ஏதாவது ஒரு திறப்பில் மட்டுமே இணையாக நிற்கும். கம்பி அதைவிடக் கனமாக இருந்தால் அடிவாயில் மட்டும் கடிக்கும், மெல்லியதாக இருந்தால் நுனியில் மட்டும் கடிக்கும். இரண்டிலும் கம்பி ஒரே புள்ளியில்தான் பிடிபட்டிருக்கிறது. அடி விழும்போது அது சுழலத்தான் செய்யும். சுழலாமல் இருக்க நாம் இறுக்குகிறோம். அரை மணி நேரத்தில் முன்கை மரத்துப்போகிறது, கவனம் எல்லாம் இடது கையில் போய்விடுகிறது, சுத்தியல் தன் பாட்டுக்கு விழுகிறது. பழுத்த கம்பி ஒருமுறை நழுவிப் பறந்து என் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டேன்.

அப்புறம்தான் 12 மில்லிமீட்டர் கம்பிக்கென்றே ஒரு குறடு அடித்தேன். இதோ இதுதான். வாயில் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது, பாருங்கள். சதுரக் கம்பி மூலை மேல் மூலையாக உட்காரும், உருண்டைக் கம்பியும் உட்காரும். 20 மில்லிமீட்டர் சதுர இரும்பில் செய்தது. கம்பியின் நுனியைப் பட்டடை விளிம்பில் பாதி உள்ளே, பாதி வெளியே வைத்து அடித்தால் ஒரு படி விழும். அதுதான் வாய். கால் சுற்று திருப்பி அடுத்த படி, அது குறட்டின் இரண்டு பாதியையும் இணைக்கும் ஆணி போகும் இடம். இன்னொரு படியோடு கைப்பிடி தொடங்கும். கைப்பிடி முழுவதையும் அதே இரும்பிலிருந்து அடித்து நீட்டுவது அழகான வேலைதான், ஆனால் சூடு நிறையத் தின்னும். நான் ஒரு சாண் நீட்டிவிட்டு, 10 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பியை வெல்டிங் செய்து சேர்த்தேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஒன்றை மறக்காதீர்கள். குறட்டின் இரண்டு பாதியும் அச்சாக ஒரே மாதிரி இருக்க வேண்டும். வலது ஒன்று, இடது ஒன்று என்று கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றிச் செய்துவிட்டால் அவை ஒன்றுசேரவே சேராது. என் முதல் ஜோடி அப்படித்தான் போனது, ஒரு நாள் உழைப்பு. இப்போது முதல் பாதியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இரண்டாவதை அடிக்கிறேன்.

ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் தட்டியதும் குறடு இறுகிப்போய் அசையாது. பயப்பட வேண்டாம். மூட்டுப் பகுதியைச் சிவக்கக் காய்ச்சி, ஆறும்வரை திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டே இருங்கள், வழிக்கு வந்துவிடும். கடைசியாக வாயைக் காய்ச்சி, குளிர்ந்த 12 மில்லிமீட்டர் கம்பியைக் கடிக்கவைத்து வைஸில் இறுக்குங்கள். வாய் அந்தக் கம்பிக்கென்று அச்சுப்போலப் படிந்துவிடும். அதே நேரத்தில் இரண்டு கைப்பிடிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி நிற்கும்படி வளைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி கூடினால் கை வலிக்கும், குறைந்தால் இறுக்க இடம் இருக்காது.

கைப்பிடி மேல் ஒரு வளையம் தெரிகிறதா? அதைப் பின்னால் தள்ளிவிட்டால் குறடு தானாகவே பூட்டிக்கொள்ளும், கை சும்மா தாங்கினால் போதும். வளையத்துக்கு எவ்வளவு கம்பி வெட்டுவது என்பதற்குக் கணக்கு உண்டு. உள்விட்டத்தோடு கம்பியின் கனத்தைக் கூட்டி 3.14ஆல் பெருக்குங்கள். உள்விட்டம் 30, கம்பி 6 என்றால் 36 பெருக்கல் 3.14, சுமார் 113 மில்லிமீட்டர். கம்பி வளையும்போது வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும், நடுக்கோடு மட்டும் அப்படியே இருக்கும். அதனால்தான் நடுக்கோட்டின் விட்டத்தைப் பெருக்குகிறோம்.

பட்டடையைச் சரிசெய்ததில் சுவரில் 9 ஆகக் குறைந்திருந்த கோடு, இந்த ஒரு குறடு வந்த வாரமே 6 ஆனது.

உலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பு கேஸ் உலையின் உள்ளே கனமான தீச்செங்கல் அடுக்கியிருந்தேன். அது தீயைத் தாங்கும், ஆனால் சூட்டையெல்லாம் முதலில் தானே குடித்துவிடும். இப்போது 50 மில்லிமீட்டர் கனத்துக்கு செராமிக் பஞ்சு, அதன் மேல் தீத்தாங்கும் பூச்சு. முன்பு உலை சூடேற அரை மணி நேரம் காத்திருப்பேன், இப்போது பத்து நிமிடத்துக்குள் முதல் கம்பி ஆரஞ்சு நிறத்துக்கு வந்துவிடுகிறது. பஞ்சை வெட்டும்போது கட்டாயம் சுவாசக் கவசம் போடுங்கள், பூச்சு இல்லாமல் அதை எரிக்கவே எரிக்காதீர்கள். அந்த நுண்ணிய இழைகள் நுரையீரலுக்குப் போனால் எளிதில் வெளியே வராது. வெண்காரம் போட்டு இரும்பை ஒட்டவைக்கும் எண்ணம் இருந்தால், தரையில் மட்டும் தனியாக ஒரு தீத்தாங்கும் பலகை போட்டுக்கொள்ளுங்கள். உருகிய வெண்காரம் பஞ்சைக் கரைத்துவிடும்.

காற்றோட்டம் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மழைச்சாரல் அடிக்கிறது என்று ஒரு நாள் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு வேலை செய்தேன். கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது. அன்றுதான் கார்பன் மோனாக்சைடு அலாரத்தை மாட்டியிருந்தேன், அது கத்தியது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அலாரம் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு சூடு, இன்னும் ஒரு சூடு என்று நின்றிருப்பேன். அதேபோல் துத்தநாகம் பூசிய இரும்பை உலைக்குள் வைக்காதீர்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்த வெள்ளைப் புகையை சுவாசித்தால் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும். நாம் இரும்பை அடிக்கும் சூடு அதைவிட அதிகம்.

சரி, இப்போது பற்றவைக்கிறேன். இன்றைய வேலை ஒரு உளி. பழைய காயில் ஸ்பிரிங்கை நிமிர்த்தி நேற்றே அடித்து வடிவம் கொண்டுவந்துவிட்டேன். இது சரியாக எந்த எஃகு என்று ஸ்பிரிங்கின் மேல் எழுதியிருக்காது. அதனால் ஒரு சின்னத் துண்டை முதலில் பரிசோதித்தேன். காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துக் கெட்டியாக்கி, வைஸில் வைத்து உடைத்தேன். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் பட்டுப்போல இருந்தது. அப்படி இருந்தால் சூடு சரி. சர்க்கரை தூவியதுபோல் மின்னினால் அதிகமாகக் காய்ச்சிவிட்டோம்.

உள்ளே பாருங்கள், சிவந்து வருகிறது. இந்தக் காந்தத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். ஒட்டுகிறது. இன்னும் வேண்டும். 770 டிகிரி அளவில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்குக் கொஞ்சம் மேலே போனால் தோய்க்கலாம்... இப்போது ஒட்டவில்லை. நிறம் இன்னும் கொஞ்சம் கூடட்டும்.

எண்ணெயை முன்பே 50 டிகிரிக்குச் சூடாக்கியிருக்கிறேன். சூடான எண்ணெய் இளகி ஓடும், அதனால் குளிர்ந்த எண்ணெயைவிட வேகமாகச் சூட்டை வாங்கும். தண்ணீரில் தோய்த்தால் இந்த எஃகு விரிசல் விடலாம். மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, தீப்பிடித்தால் மூடிவிட வேண்டும். நேராக, பக்கவாட்டில் அசைக்காமல்... விட்டாயிற்று.

அரத்தால் உரசுகிறேன், சத்தத்தைக் கேளுங்கள். வழுக்குகிறது, கடிக்கவில்லை. கெட்டிப்பட்டுவிட்டது. இந்த நிலையில் கீழே போட்டால்கூட உடையும். அதனால் முனையை மணல்தாளால் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு, பின்பக்கத்தைப் பழுத்த இரும்புக் கட்டி மேல் வைக்கிறேன். சூடு மெல்ல முனைக்கு ஏறும், நொறுங்கும் குணம் குறையும். ஏறும் சூட்டுக்கேற்பப் பளபளப்பின் மேல் நிறம் மாறும். வைக்கோல் நிறம், அடுத்து பழுப்பு, அடுத்து ஊதா, அடுத்து நீலம். கத்தியாக இருந்தால் வைக்கோல் நிறத்திலேயே நிறுத்துவேன். உளி அடிவாங்கும் கருவி, முனைக்கு 280 டிகிரி சுமாரில் வரும் ஊதா வேண்டும். தலைப்பக்கம் அதிகச் சூட்டில் மென்மையாகவே இருக்கட்டும். கெட்டியான தலை மேல் கெட்டியான சுத்தியல் விழுந்தால் சில்லு தெறிக்கும்.

பழுப்பு வந்துவிட்டது. கண்ணை எடுக்கக் கூடாத இடம் இது. ஊதா... முனைக்கு வந்தது. தண்ணீர்.

6 மில்லிமீட்டர் மென்கம்பியைப் பட்டடையில் செம்புத் தகடு மேல் வைக்கிறேன். மூன்று அடி. வெட்டிவிட்டது. முனையைக் கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன்: மடங்கவும் இல்லை, சில்லும் போகவில்லை. சிலிண்டர் வால்வை மூடுகிறேன். உலை ஆறும்வரை நான் இங்கேதான் இருப்பேன். அடுத்த முறை இந்த உளியை வைத்தே பழுத்த கம்பியை வெட்டி, அந்தக் கொக்கியை 4 சூட்டில் முடிக்க முடிகிறதா என்று பார்க்கலாம்.