ஜிம்மி ராஜர்ஸின் கடைசி ஒலிப்பதிவு

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் கன்ட்ரி இசைக்குப் பிறந்தநாள் கேட்டால் 1927 ஆகஸ்ட் என்பேன். பாட்டுகள் மலைக்கிராமங்களில் வெகுகாலமாக இருந்தவைதான். இசைத்தட்டுகள்கூட முன்பே வந்திருந்தன. ஆனால் டென்னசி, வர்ஜீனியா மாநில எல்லை நட்டநடுத் தெருவில் ஓடும் பிரிஸ்டல் ஊரில், விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாட்டுகளைப் பதிவு செய்ய வந்து இறங்கிய ரால்ஃப் பீர் முன்னால், கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக்குழுவும் ஜிம்மி ராஜர்ஸும் ஒரே வாரத்தில் பாடினார்கள்.

ராஜர்ஸ் ரயில்வேயில் பிரேக்மேன், அதாவது ரயிலின் பிரேக்குகளைக் கவனிக்கும் தொழிலாளி. காசநோயால் அந்த வேலை போயிற்று. நம் வீடுகளில் அந்த நோயின் பெயரைத் தணிந்த குரலில் சொன்ன காலம் மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். இவரோ அதையே பாட்டாக்கி 1931இல் இசைத்தட்டில் பாடினார். காசநோய்க்கான மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943இல்தான்.

1933 மே மாதம் நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்கென்று ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். எங்கே பேசினாலும் நான் அந்தக் கட்டிலுக்கு வந்துவிடுவேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஒரு பாட்டு பாடுவார், படுத்துக்கொள்வார், பக்கத்தில் நர்ஸ். பிறகு எழுந்து அடுத்த பாட்டு. நான் இங்கே இருமினால் வெட்டி எடுத்துவிடுவார்கள். அன்று வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. தடுமாறினால் மெழுகுத் தட்டை மாற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஏறக்குறைய 3 நிமிடப் பாட்டு. நடுவில் குரலை உடைத்து மேலே ஏற்றும் யோடல் வேறு. நுரையீரல் போன மனிதர்!

24ஆம் தேதி கடைசிப் பாட்டு. 26ஆம் தேதி இறந்தார். வயது 35. கலைக்காக உயிரைக் கொடுத்தார் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குடும்பத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. பாட்டு அவருடைய பிழைப்பு. திரும்பவும் சொல்கிறேன், பிழைப்பு.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டுகிறார்கள். 1930இல் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் இவருக்கு ட்ரம்பெட் வாசித்ததும், தட்டில் ஆம்ஸ்ட்ராங்கின் பெயரைப் போடாமல் விட்டதும் தனிக்கதை. ராஜர்ஸ் பிறந்த செப்டம்பர் 8ஆம் தேதியிலேயே 1932இல் பிறந்தவர் கன்ட்ரி பாடகி பாட்சி க்ளைன். 1963 மார்ச்சில் விமான விபத்தில் போனார். இன்னொரு கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் 1953 புத்தாண்டு நாளில், கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின்னிருக்கையில் 29 வயதில் இறந்துகிடந்தார். 1961இல் கன்ட்ரி இசைக்கான புகழ்க்கூடத்தில் முதன்முதலாகச் சேர்த்த மூவரில் ராஜர்ஸும் ஹேங்கும் உண்டு. மூன்றாமவர் பாடலாசிரியர் ஃப்ரெட் ரோஸ். அவரைப் பற்றிப் பேச நேரமில்லை. வணக்கம்.