பிரீமியம் காருக்கு மாறுவது வறட்டு கௌரவமா? எதிர்த்து ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, ஐயாவுக்குப் பக்கத்தில் குறிப்புத் தாளோடு காத்திருக்கும் தங்கையே, அரங்கம் நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சாதாரணக் காரிலிருந்து பிரீமியம் காருக்கு மாறுவது வளர்ச்சியா, வறட்டு கௌரவமா என்பது தலைப்பு. வளர்ச்சிதான் என்று பேச வந்திருக்கிறேன். ஐயா பேசியதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி வாங்குகிறவன் எப்படிப்பட்ட ஆள் என்பது ஒன்று, அந்த வண்டியை நம்ம ஊரில் வைத்துக் கட்டுப்படியாகுமா என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு நான் தலைவணங்குகிறேன், அதற்குப் பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன். முதல் கேள்வியைக் கேட்பதற்கே யாருக்கும் உரிமை இல்லை என்பது என் கட்சி.

ஐயா ஒரு ஆய்வைச் சொன்னார். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் இருந்து 2020இல் வந்தது, பின்லாந்தில் 1,892 கார் உரிமையாளர்களிடம் கேட்டது. சுயநலமான, வாக்குவாதம் செய்கிற, பிடிவாதக்கார ஆண்கள் ஆடி, பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் மாதிரி வண்டிகளை அதிகம் வைத்திருக்கிறார்கள் என்று படித்துக் காட்டினார், கைத்தட்டலும் வாங்கினார். ஐயா, அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பொறுப்பும் ஒழுங்கும் கடமை உணர்வும் உள்ளவர்களும் அதே வண்டிகளைத் தேடிப் போகிறார்கள், ஆணும் சரி பெண்ணும் சரி, என்று அதில் இருக்கிறது. தரமான, நம்பிக்கையான பொருளை விரும்புகிற குணம் அது. பாதியை மட்டும் படித்துவிட்டு ஒரு கூட்டத்துக்கே முத்திரை குத்துவது நியாயமில்லை. இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிறவன் எல்லாக் காரிலும் இருக்கிறான், ஷேர் ஆட்டோவிலும் இருக்கிறான், டூ வீலரிலும் இருக்கிறான். விலை உயர்ந்த வண்டியில் இருப்பவன் செய்தால் மட்டும் அது நம் மனதில் பதிகிறது.

சரி, நம்ம ஊர் பேச்சுக்கு வருகிறேன். ஒரு டாக்டர் வாங்கினால் "பேஷன்ட்கிட்ட கறந்த காசு", அரசியல்வாதி வாங்கினால் "கமிஷன்", கான்ட்ராக்டர் வாங்கினால் "எங்க கை வச்சானோ". பரம்பரைப் பணக்காரர் வாங்கினால் மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அவருக்கு அது இயல்பாம். கீழே இருந்து மேலே வந்தவன் வாங்கினால்தான் பந்தா என்று பெயர். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது நடுவர் அவர்களே, ஏனென்றால் இது புதுக் கேள்வியே இல்லை. இந்தத் தமிழ்நாட்டில் ஊர்த்தெரு வழியாகத் தலித் மக்கள் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருந்த கிராமங்கள் இருந்தன. யார் எந்த வண்டியில் ஏறலாம் என்று ஊர் முடிவு செய்த காலம் அது. "இவனுக்கெல்லாம் எதுக்குய்யா இந்தக் காரு" என்று இன்றைக்குக் கேட்கும்போது அந்தப் பழைய குரல்தான் என் காதில் விழுகிறது. உழைத்து, வரி கட்டி, கடனை ஒழுங்காக அடைக்கிற ஒரு மனிதனைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

பெண் வாங்கினால் இன்னும் மோசம். நானே போயிருக்கிறேன், பெரிய பிராண்டு ஷோரூம்தான், பெயர் வேண்டாம். சஸ்பென்ஷன் பற்றி நான் கேட்டால் பதிலை என் தம்பியைப் பார்த்துச் சொன்னார்கள், கடைசியில் "சார் எப்ப மேடம் வருவாரு, டெஸ்ட் டிரைவ் போட்டுடலாம்" என்றார்கள். சம்பாதித்தது நான், ஓட்டப்போவது நான். கௌரவம் தேடி நான் அங்கே போகவில்லை, இருந்த கௌரவத்தையும் அவர்கள்தான் எடுத்தார்கள்!

இனி கணக்கு. ஐயா வரியைச் சொன்னார், சரியாகத்தான் சொன்னார். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேல் போகும் காருக்கு வாழ்நாள் சாலை வரி 20 சதவீதம். 50 லட்சம் வண்டி என்றால் 10 லட்சம் வரிக்கே போகும். 10 முதல் 20 லட்சம் வரையுள்ள வண்டிக்கு 18 சதவீதம், ஆக 15 லட்சம் காருக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். இந்த வித்தியாசம் தெரியாமல் இ.எம்.ஐ. மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். (வரியை மிச்சம் பிடிக்கப் புதுச்சேரியில் ஒரு போலி முகவரி காட்டிப் பதிவு செய்கிறவர்களுக்காக நான் பேசவில்லை, அது தப்பு.) பத்து லட்சத்துக்கு மேல் உள்ள காருக்கு விற்கிறவரே ஒரு சதவீதம் வரியை முன்கூட்டி வசூலிப்பார், டி.சி.எஸ். என்று பெயர், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆடிட்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து தேய்மானம். இன்ஷூரன்ஸ் கணக்கில் நான்கு வருஷம் தாண்டி ஐந்துக்குள் இருக்கும் வண்டியின் மதிப்பில் பாதி கழிந்துவிடும். 15 லட்சம் காரில் ஏழரை லட்சம், 50 லட்சம் காரில் 25 லட்சம். "இந்த 25 லட்சத்தை யார் கொடுப்பார்?" என்று ஐயா மேசையைத் தட்டிக் கேட்டார். முதல் சொந்தக்காரர் கொடுப்பார் ஐயா! இதை நடுத்தர வர்க்கம் புரிந்துகொண்டால் போதும். மூன்று நான்கு வருஷம் ஓடிய, சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக இருக்கும் வண்டியை வாங்கினால் அந்த நஷ்டத்தின் பெரிய பங்கு ஏற்கெனவே வேறொருவர் தலையில் இறங்கியிருக்கும், இதே மாநிலப் பதிவு என்றால் வாழ்நாள் வரியும் கட்டி முடிந்திருக்கும். ஒரு நல்ல புதுக் காரின் விலையிலேயே அது கைக்கு வரலாம். ஆனால் பராமரிப்பு மட்டும் பழைய விலைக்கு ஏற்றபடிதான் இருக்கும், உதிரி பாகம் உங்களுக்காகக் குறையாது. அதனால் எக்ஸ்டெண்டட் வாரண்டி இல்லாத வண்டியைத் தொடாதீர்கள், வண்டியின் கம்ப்யூட்டரை ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், ஜெர்மன் வண்டி மட்டும் பார்க்கிற ஒர்க்‌ஷாப் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால், நான் இந்த அணியில் நின்றுகொண்டே சொல்கிறேன், வாங்காதீர்கள்.

மழைத்தண்ணீர் பற்றித் தங்கை பேசப்போவதாகக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரிலும் 2023இல் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை வண்டி மூழ்கியது என்று பார்த்தோம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி உடையும், சாதாரண பாலிசி அதற்குப் பணம் தராது. இன்ஜின் ப்ரொடெக்ட் என்று தனியாகச் சேர்க்க வேண்டும், தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் நில் டெப்பும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அது இல்லாவிட்டால் பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும், அந்தப் பம்பரின் விலை உங்களுக்கே தெரியும். பல ஜெர்மன் கார்களில் ஸ்டெப்னி கிடையாது, ரன்ஃப்ளாட் டயர்தான். பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் போகலாம், அதற்குள் ஆளைப் பிடிக்க வேண்டும். ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டும் தாழ்ந்த செடான்கள் உண்டு, உங்கள் தெருவில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். தெரியாமல் போய் ஒருவர் கையைச் சுட்டுக்கொண்ட கதையைப் பத்துப் பேர் சொல்லித்தான் "யானையைக் கட்டித் தீனி போட முடியுமா" என்ற பேச்சு வந்தது.

அப்புறம் ஐயா சொன்ன கடைசி விஷயம், 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பென்ஸ் காரில் போகும்போது இறந்த விபத்து. "பென்ஸ் காப்பாற்றியதா?" என்று கேட்டார். அந்தக் காரில் பின்னால் இருந்த இருவரும் சீட் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது, முன்னால் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். அந்தச் சாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் பின் சீட் பெல்ட்தான், இன்று வீட்டுக்குப் போகும்போதே போடுங்கள். பாதுகாப்பு பிரீமியம் காருக்கு மட்டும் சொந்தம் என்று நான் சொல்லவே மாட்டேன், 2018இலேயே டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அப்படியானால் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரே நாளில் ஓட்டிக்கொண்டு போகிறவருக்குத் தெரியும். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி இறங்கும்போது முதுகு எப்படி இருக்கிறது, பின்னால் உட்கார்ந்து வந்த எழுபது வயது அம்மா வண்டியிலிருந்து எப்படி இறங்குகிறார், லாரி குறுக்கே வந்தபோது பிரேக்கில் கால் வைத்ததும் வண்டி எவ்வளவு நேராக நின்றது. இதில் கௌரவம் எங்கே இருக்கிறது? மாதத்தில் இரண்டு முறை ஊருக்குப் போகிறவருக்கு இது தேவை. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஐந்து கிலோமீட்டர் மட்டும் போகிறவருக்குத் தேவையில்லை, அவரிடம் போய் நான் விற்க மாட்டேன்.

"அந்நியப் பொருள் மோகம்" என்றும் ஒரு வார்த்தை வந்தது. செங்கல்பட்டு பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை 2007இலிருந்து ஓடுகிறது. நம்ம பிள்ளைகள்தான் அங்கே ஷிப்ட் போட்டுப் பாகங்களைப் பூட்டிக் கார் தயாரிக்கிறார்கள். இங்கே தயாராகும் ஐ.எக்ஸ்.1 மின்சாரக் கார் 2025 ஜனவரியில் 49 லட்சத்துக்கு வந்தது. 2025 செப்டம்பர் 22இலிருந்து பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், மின்சாரக் காருக்கு 5 சதவீதம்தான். வீட்டில் சொந்தப் பார்க்கிங்கும் சார்ஜர் போட இடமும் இருக்கிறவர்கள் இந்த ஒரு வரி வித்தியாசத்தை வைத்து ஐயாவின் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கட்டும். அந்தப் பூட்டும் வேலையைச் செய்கிற பையன் தான் பூட்டிய காரை ஒரு நாள் பழையதாகவாவது வாங்கினால், அன்றைக்கு அவனிடம் போய் வறட்டு கௌரவம் என்று சொல்ல இந்த அரங்கத்தில் யாருக்கு மனசு வரும், தங்கை எழுந்து அதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். மணி அடித்துவிட்டார்கள், நன்றி, வணக்கம்.