பெவாசிசுமாப் ஏத்துற நேரத்துல பல்லுப் பிடுங்கலாமா?

வெள்ளவத்தையில இருந்து ஒரு மகள் கேட்டிருக்காங்க. அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், ஈரலுக்கும் பரவியிருக்கு. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில ரெண்டு கிழமைக்கு ஒருக்கா கீமோவோட பெவாசிசுமாப்னு ஒரு மருந்தும் ஏத்துறாங்க. கடைவாய்ப் பல்லு ஒன்னு சொத்தை, வாற கிழமை பிடுங்க டேட் எடுத்திருக்காங்களாம். பிடுங்கலாமா, வீட்டுல வேற என்ன கவனிக்கணும்?

அந்த டேட்டுக்கு முந்தி கிளினிக்கில ஒருக்கா கதைச்சிடுங்க. பல்லு டொக்டரிட்ட "கீமோ எடுக்கிறார்"னு மட்டும் சொன்னா காணாது, மருந்துட பேரையே சொல்லணும்.

கட்டிக்கு இரத்தம் கொண்டு போற புது நாளங்கள் முளைக்கிறதை இந்த மருந்து தடுக்குது. காயம் ஆறவும் அதே புது நாளங்கள்தானே வேணும்! அதோட இது லேசுல உடம்பை விட்டுப் போகாது, பாதி குறையவே கிட்டத்தட்ட 20 நாள். அதனாலதான் திட்டமிட்ட ஒபரேஷன்னா குறைஞ்சது 28 நாளைக்கு முந்தி நிப்பாட்டுறது. பிறகும் 28 நாளாவது போய், காயம் முழுசா ஆறினாத்தான் திரும்ப ஏத்துவாங்க. ஒரு பல்லுக்கு எவ்வளவு இடைவெளினு உங்கட புற்றுநோய் டொக்டர் சொல்லுவார். எலும்புக்கு சொலிட்ரோனிக் அசிட் ஏத்தியிருந்தா மறக்காம அதையும் சொல்லுங்க, தாடை எலும்பு செத்துப்போற ஆபத்து அதுல கூடும். முகம் வீங்கி, சீழ் வச்சிருந்தா கதை வேற. நாள் எண்ணிக்கொண்டு இருக்காம அன்றைக்கே காட்டணும்.

இந்த மருந்தால பிரஷர் ஏறலாம், அதனால வீட்டுல பிரஷர் பாருங்க. அஞ்சு நிமிஷம் உட்கார வச்சுப் பார்த்து, கிளினிக் கொப்பியில எழுதுங்க. 140/90க்கு மேல திரும்பத் திரும்ப வந்தா அடுத்த தவணை வரைக்கும் காத்திருக்காம கிளினிக்குல சொல்லுங்க, பெரும்பாலும் குளிசையிலயே அடங்கிடும். மூட்டு நோவுக்குனு டைக்ளோபெனாக் வாங்கிக் குடுத்துடாதீங்க. பிரஷரும் ஏறும், இரத்தக் கசிவும் கூடும்.

இந்த மருந்தால யூரின்ல புரதமும் போகலாம். ரிப்போட்டுல அது 2+னு வந்தா 24 மணித்தியால யூரின் சேர்க்கச் சொல்லுவாங்க. இதுலதான் நிறையப் பேர் பிழை விடுறாங்க. காலையில 6 மணிக்குத் தொடங்கினா அந்த முதல் யூரினை ஊத்திடணும். அதுக்குப் பிறகு வாறது எல்லாத்தையும், மறுநாள் காலை 6 மணி யூரினோட சேர்த்துப் பிடிக்கணும். முதல்ல வந்ததையும் போத்தல்ல விட்டா கணக்கு பிழைச்சு, மருந்தைச் சும்மா நிப்பாட்ட வேண்டி வரும். அந்த 24 மணித்தியால யூரின்ல புரதம் 2 கிராமோ அதுக்கு மேலயோ இருந்தா குறையும் வரைக்கும் மருந்து ஏத்த மாட்டாங்க.

மூக்கால கொஞ்சம் இரத்தம் வாறது சாதாரணம், 10 நிமிஷம் அழுத்திப் பிடிச்சா நிக்கும். ஆனா திடீர்னு தாங்க முடியாத வயித்து நோவு, சத்தி, காய்ச்சல் வந்தா குடல்ல ஓட்டை விழுந்திருக்கலாம். கறுப்பா மலம் போறது, நெஞ்சு நோவு, மூச்சு வாங்குறது, ஒரு கால் மட்டும் வீங்குறது, ஒரு பக்கம் கை கால் விழுறது, கடும் தலையிடியோட பார்வை மங்குறது, இதெல்லாம் அதே அவசரம்தான். பனடோல் குடுத்து விடியும் வரைக்கும் பார்க்காதீங்க, 1990க்கு எடுங்க. அம்புலன்ஸ்ல ஏத்தும்போதே மருந்துட பேரையும் கடைசியா ஏத்தின திகதியையும் சொல்லிடுங்க.